ஒரே படம், இரண்டு தேதி: ஃபேஷன் புகைப்படம் காலரிச் சுவருக்கு வந்தால் என்ன மாறுகிறது?

2010 நவம்பரில் பாரீஸில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் 8,41,000 யூரோவுக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 5 கோடி ரூபாய். படத்தில் இருப்பது நீளக் கறுப்பு கவுன் போட்ட ஒரு பெண்ணும் அவளைச் சுற்றி நிற்கும் யானைகளும். 1955-இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகைக்காக, அந்தப் பருவத்துக்கு வந்த புது உடைகளைக் காட்டுவதற்கு எடுத்தது. அந்த மாத இதழை வாங்கியவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள்.

இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் அதே படத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அப்படியிருக்க 5 கோடி எதற்கு? ஃபேஷன் படங்களும் நட்சத்திரங்களின் உருவப்படங்களும் மியூசியத்துக்கும் காலரிக்கும் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பணக்காரர்களின் பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

படத்தில் என்ன இருக்கிறது

எடுத்தவர் ரிச்சர்ட் அவெடான். 1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது வணிகக் கப்பல் படையில் சேர்ந்து, மாலுமிகளுக்கு அடையாள அட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் சைஸ் படங்களில் தொடங்கியவர் என்று நம் கணக்கில் சொல்லலாம். போர் முடியும் சமயத்தில் ஹார்ப்பர்ஸ் பஜாரில் சேர்ந்து இருபது வருடம் அங்கே இருந்தார்.

இடம், பாரீஸில் உள்ள 'சிர்க் திவேர்' என்ற பழைய சர்க்கஸ் கட்டடம். மாடலின் பெயர் டோவிமா. டோரதி, வர்ஜீனியா, மார்கரெட் என்ற தன் மூன்று பெயர்களிலிருந்தும் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்துக் கோத்துக்கொண்ட பெயர் அது. உடை கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்துடையது. ஆனால் அதை வரைந்தவர் அங்கே புதிதாக உதவியாளராகச் சேர்ந்திருந்த 19 வயதுப் பையன், இவ் சான் லோரான்.

வெளிச்சம் மேலே இருந்த கண்ணாடிக் கூரை வழியாக இறங்குகிறது. யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அதற்கு நடுவே வழவழவென்று ஒரு கவுன், இடுப்பிலிருந்து தொங்கும் அகலமான வெள்ளைப் பட்டுக் கச்சை. டோவிமா இரண்டு பக்கமும் கையை நீட்டி, யானைகளைத் தான் அடக்கி வைத்திருப்பதுபோல் நிற்கிறாள். கீழே பார்த்தால்தான் யானைகளின் கால்களில் சங்கிலி இருப்பது தெரியும். பத்திரிகைப் பக்கத்தில் கண் அங்கே போகாது. உடையைப் பார்க்கத்தானே பக்கம் போட்டிருக்கிறார்கள். ஆளுயரத்துக்கும் மேல் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் சங்கிலி பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக வந்துவிடுகிறது. காலரி செய்யும் முதல் வேலை இதுதான்: படம் மாறவில்லை, பார்வை போகும் இடம் மாறுகிறது.

இந்தப் படத்தில் அவெடானுக்கே ஒரு குறை இருந்தது. அந்தக் கச்சையை இடது பக்கம் காற்றில் பறப்பதுபோல் விட்டிருக்கலாம், ஏன் விடாமல் போனேன் என்று பிற்பாடு வருந்தியிருக்கிறார். ஏலத்தில் எடுத்தவருக்கு அது குறையாகத் தெரியவில்லை போலும்.

ஃபேஷன் படமும் உருவப்படமும்

இரண்டும் ஒரே கண்காட்சியில் கலந்தே மாட்டப்படுவதால் குழப்பம் வருகிறது. அடிப்படை வித்தியாசம் எளிது. ஃபேஷன் படத்தில் ஆள், உடைக்காக நிற்கிறார். உருவப்படத்தில், அதாவது போர்ட்ரெய்ட்டில், உடை உள்பட எல்லாமே அந்த ஆளுக்காக நிற்கிறது.

எல்லைக்கோடு அடிக்கடி அழியும் என்பது உண்மைதான். 1957 மே 6 அன்று அவெடானின் நியூயார்க் ஸ்டுடியோவில் எடுத்த மர்லின் மன்றோ படம் அதற்கு உதாரணம். மினுமினுக்கும் உடை, அலங்காரம் எல்லாம் இருக்கிறது. மன்றோ வெகுநேரம் ஆடிப் பாடி, எல்லாருக்கும் தெரிந்த அந்த 'மர்லினாக' நடித்தார். அதெல்லாம் முடிந்து களைத்து உட்கார்ந்தபோது எடுத்தது இது என்று அவெடான் சொல்லியிருக்கிறார். பார்வை எங்கோ இருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. விற்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நட்சத்திரப் படத்தின் வழக்கமான வேலையை இந்தப் படம் செய்ய மறுக்கிறது. கண்காட்சிகளில் கூட்டம் இதன் முன்னால் நிற்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சுவருக்கு வந்த வழி

ஃபேஷன் படத்தை நினைத்துச் செய்யும் கலையாக முதலில் நடத்தியவர்களில் எட்வர்ட் ஸ்டைக்கன் முக்கியமானவர். 1911-இல் பால் புவாரே வடிவமைத்த உடைகளை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காக எடுத்தார். 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி மியூசியம் நடத்திய ஃபேஷன் புகைப்பட நூற்றாண்டுக் கண்காட்சி 1911-இலிருந்து கணக்கைத் தொடங்கியது அதனால்தான்.

ஆனாலும் மியூசியங்கள் வெகுகாலம் தயங்கின. பத்திரிகைக்காக, அதுவும் துணி விற்பதற்காக எடுத்ததைக் கலை என்று எப்படி மாட்டுவது? 1968-இல் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் காலரி, 'வோக்' என்ற ஃபேஷன் பத்திரிகையின் புகைப்படக்காரரான செசில் பீட்டனின் உருவப்படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியது. உயிரோடு இருக்கும் ஒரு புகைப்படக்காரருக்கு பிரிட்டனின் தேசிய மியூசியம் ஒன்று தனிக் கண்காட்சி வைத்தது அதுவே முதல்முறை. பத்து வருடம் கழித்து, 1978-இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவெடானின் முப்பது வருட வேலையைச் சுவரேற்றியது.

யானைப் படத்தின் கதை திரும்புவது அந்தக் கண்காட்சியில்தான். அதைப் புரிந்துகொள்ள முதலில் பிரிண்ட் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

நெகட்டிவ் ஒன்று, பிரிண்ட் பல

நம் ஊர் ஸ்டுடியோக்களில் பழைய கல்யாணப் படத்தைத் திருப்பிப் பார்த்தால் கடை முத்திரையும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் நெகட்டிவைத் தேடி எடுத்து இன்னொரு காப்பி போட்டுத் தருவார்கள். பத்து வருடம் கழித்துப் போட்டாலும் நமக்கு அது அதே படம்தான். புகைப்படச் சந்தையில் அப்படி இல்லை. அங்கே காப்பி எப்போது போட்டது, யார் போட்டது, எத்தனை போட்டது என்பதுதான் பேச்சே.

1. விண்டேஜ் பிரிண்ட். படம் எடுத்த காலத்திலேயே, ஓரிரு வருடம் முன்னே பின்னே, போட்ட பிரிண்ட். ஃபேஷன் படங்களில் இவை பெரும்பாலும் அச்சகத்துக்கு அனுப்புவதற்காகப் போட்டவை. முன்பக்கம் டச்சப் செய்த தடம் இருக்கும், ஓரத்தில் எங்கே வெட்ட வேண்டும் என்று பென்சில் கோடு, பின்பக்கம் பத்திரிகையின் முத்திரை. அன்று யாரும் பொத்திப் பாதுகாக்கவில்லை. வேலை முடிந்ததும் பல குப்பைக்குப் போயின. மிஞ்சியவற்றின் மதிப்பு ஏறியதற்கு அதுவும் காரணம்.

2. பிற்காலப் பிரிண்ட். அதே நெகட்டிவிலிருந்து புகைப்படக்காரரே, அல்லது அவர் மேற்பார்வையில் வேறொருவர், பல வருடம் கழித்துப் போட்டது. பொதுவாக விண்டேஜைவிட விலை குறைவு. ஆனால் இது எழுதப்படாத விதி, உடையும்.

3. மறைவுக்குப் பின் போட்ட பிரிண்ட். அறக்கட்டளையோ குடும்பமோ போடுவது. கையெழுத்து இருக்காது, முத்திரைதான் இருக்கும்.

பிரிண்ட் போடுவதும் பொத்தான் அழுத்துகிற வேலை இல்லை. இருட்டறையில் நெகட்டிவ் வழியாக வெளிச்சம் விழும்போது, கை நிழலால் சில இடங்களை மறைத்து வெளுக்க வைக்கலாம், சில இடங்களுக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கருக்க வைக்கலாம். ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு பேர் பிரிண்ட் போட்டால் இரண்டு வானம் வரும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் இர்விங் பென்னிடம் போக வேண்டும். வோக் பத்திரிகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் வேலை செய்தவர் அவர். தன் படங்கள் பத்திரிகை மையில் வெளிறிப்போவதில் அவருக்கு மனக்குறை. 1960-களில் பிளாட்டினம் பிரிண்ட் என்ற, ஏறக்குறைய வழக்கொழிந்துபோன முறையைத் தானே படித்துச் சோதித்து மீட்டெடுத்தார். சாதாரண பிரிண்டில் வெள்ளி உப்பு காகிதத்தின்மேல் ஒரு ஜெலட்டின் பூச்சில் உட்கார்ந்திருக்கும். பிளாட்டினம் முறையில் உலோகக் கரைசலைக் காகிதத்தில் கையால் பூசுகிறார்கள். அது நாருக்குள் இறங்கிவிடும். பளபளப்பு கிடையாது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறம் எத்தனையோ படியாக விரியும்.

ஒரு சிக்கல். இந்த முறையில் நெகட்டிவைக் காகிதத்தோடு ஒட்டவைத்தே வெளிச்சம் காட்ட வேண்டும். அதனால் பிரிண்ட் எந்த அளவோ நெகட்டிவும் அதே அளவு இருக்க வேண்டும். பென் ஒரே பிரிண்டுக்குத் திரும்பத் திரும்பக் கரைசல் பூசி, திரும்பத் திரும்ப வெளிச்சம் காட்டினார். ஒவ்வொரு முறை நனையும்போதும் காகிதம் விரிந்து சுருங்கும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் இரட்டையாகிவிடும். காகிதத்தை அலுமினியத் தகட்டில் ஒட்டி அதைச் சமாளித்தார். காலரியில் பென் படத்தின் முன்னால் நின்றால், 'பத்திரிகையில் வந்ததுதானே' என்ற வார்த்தை வாயில் வராது. பத்திரிகையில் வந்தது வேறு பொருள்.

1978-இல் போட்ட பிரிண்ட்

இப்போது 5 கோடிக்குத் திரும்பலாம். பாரீஸில் விலைபோனது 1955-இல் போட்ட விண்டேஜ் பிரிண்ட் இல்லை. 1978-இல், மெட்ரோபாலிட்டன் கண்காட்சிக்கென்றே அவெடான் போட வைத்தது. இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம். கண்காட்சி முடிந்த பிறகு அது அவெடானின் ஸ்டுடியோவிலேயே பல வருடம் இருந்தது. 2004-இல் அவர் இறந்த பின் அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையிடமிருந்து நேராக ஏலத்துக்கு வந்தது.

ஆக, முன்னே சொன்ன எழுதப்படாத விதி இங்கே உடைந்தது. பிற்காலப் பிரிண்ட்தான், ஆனால் எந்த மியூசியத்தில் மாட்டினார்கள், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு அதன்கூடவே வந்தது. சந்தையில் இதற்குப் 'பொருளின் பூர்வீகம்' என்று அர்த்தம் வரும் ஒரு பிரெஞ்சுச் சொல்லை வைத்திருக்கிறார்கள். நிலம் வாங்கும்போது நாம் மூலப்பத்திரம் கேட்பது மாதிரிதான் இதுவும்.

30 என்ற எண்

பத்திரிகை லட்சக்கணக்கில் அச்சாகும். அதுதான் அதன் பெருமை. காலரிக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகிவிடும். குறைவாக இருந்தால்தான் விலை. அதனால் 'எடிஷன்' என்ற ஏற்பாடு வந்தது. இந்தப் படத்துக்கு இந்த அளவில் இத்தனை பிரிண்ட்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொன்றிலும் 7/25 என்பதுபோல எண் போடுவார்கள். 25-இல் ஏழாவது என்று பொருள்.

இது வெறும் வியாபார வழக்கம் என்று நினைக்க வேண்டாம், வரிச் சட்டமும் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரான்ஸில் ஒரு புகைப்படம் சட்டப்படி 'கலைப்படைப்பு' ஆக வேண்டுமானால், எடுத்தவரே அல்லது அவர் மேற்பார்வையில் பிரிண்ட் போட்டிருக்க வேண்டும், கையெழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும், எல்லா அளவுகளையும் சேர்த்து 30 பிரதிக்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி விதியும் இதே எண்ணைச் சொல்கிறது. முப்பது வரை கலை, முப்பத்தொன்று சரக்கு! அழகியல் ஆசிரியர்கள் நூறு வருடம் சண்டை போட்டதை வரி அதிகாரி ஒரு வரியில் தீர்த்துவிட்டார்.

'எல்லா அளவுகளையும் சேர்த்து' என்ற சொற்களைக் கவனியுங்கள். அமெரிக்காவில் சண்டை அங்கேதான் வந்தது. வண்ணப் புகைப்படத்தின் முன்னோடி வில்லியம் எகிள்ஸ்டன், முன்பு சிறிய அளவில், டை டிரான்ஸ்பர் என்ற, சாயத்தைக் காகிதத்துக்கு மாற்றும் பழைய முறையில் போட்டு விற்ற படங்களில் சிலவற்றை டிஜிட்டல் முறையில் பெரிய பிரிண்டுகளாகப் போட்டார். 2012 மார்ச்சில் அப்படி 36 பிரிண்டுகள் ஏலம்போய் 59 லட்சம் டாலர் வந்தது. பழைய சிறிய பிரிண்டுகளை வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், 'எடிஷன் முடிந்துவிட்டது என்றுதானே எனக்கு விற்றீர்கள்' என்று வழக்குப் போட்டார். மறு வருடம் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. புது அளவு, புது முறை, அதனால் புது எடிஷன். பழைய எடிஷனில் எதையும் சேர்க்கவில்லை. ஆகவே எடிஷன் எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், எந்த அளவுக்கு, எந்த முறைக்கு என்று கேட்காமல் அது ஒரு உத்தரவாதம் ஆகாது.

ஒரு படத்தில் மூன்று உரிமை

கண்காட்சிச் செய்திகளில் வழக்கு என்று வந்தால் வாசகர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். சுவரில் ஒரு சட்டம் போட்ட படம் தொங்குகிறது. அதில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன.

1. காகிதத்தின் உரிமை. வாங்கியவருடையது. மாட்டலாம், மறுபடி விற்கலாம்.

2. பதிப்புரிமை. படத்தை மறுபடி அச்சிட, அதிலிருந்து வேறொன்று உருவாக்க, விளம்பரத்தில் போட அனுமதி தரும் உரிமை. அமெரிக்காவில் இது வழக்கமாகப் புகைப்படக்காரரிடமே இருக்கும், அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இல்லாவிட்டால். இந்தியாவில் நிலைமை வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டுடியோவிடம் இருந்ததால் உரிமையும் அவர்களுடையது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருந்தோம்.

3. முகத்தின் உரிமை. படத்தில் இருப்பவர், தன் தோற்றத்தைப் பிறர் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமை. நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இரண்டாவது உரிமையின் பலத்தைக் காட்டிய வழக்கு ஒரு பாடகரின் உருவப்படத்தில் வந்தது. 1981-இல் லின் கோல்ட்ஸ்மித், பாடகர் பிரின்ஸைப் படம் எடுத்தார். 1984-இல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை 400 டாலர் கொடுத்து, அந்தப் படத்தைப் பார்த்து ஓவியம் செய்ய ஒருமுறை மட்டும் அனுமதி வாங்கியது. செய்தவர் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரோல். அவர் ஒன்றோடு நிறுத்தவில்லை; அதே படத்தை வைத்து இன்னும் 15 செய்தார். 2016-இல் பிரின்ஸ் இறந்தபோது, வேனிட்டி ஃபேரின் தாய் நிறுவனம் அவற்றில் ஆரஞ்சு நிறப் படம் ஒன்றை அட்டையில் போட, வாரோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை.

2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. இரண்டு படங்களும் ஒரே வேலைக்குத்தான், அதாவது பிரின்ஸ் பற்றிய பத்திரிகைக் கட்டுரைக்குப் படமாகத்தான், போட்டியிடுகின்றன என்பது அடிப்படை. ஆனால் அன்று பல தலைப்புச் செய்திகள் ஒன்றை விழுங்கிவிட்டன. வாரோல் அந்தப் படங்களை உருவாக்கியது, காட்சிக்கு வைத்தது, விற்றது பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. பத்திரிகைக்கு உரிமம் கொடுத்ததை மட்டுமே தொட்டது. சுவரில் மாட்டுவதும் பத்திரிகையில் போடுவதும் சட்டத்தின் கண்ணிலும் ஒன்றல்ல.

மூன்றாவது உரிமையிலும் காலரிக்கு ஒரு சலுகை கிடைத்திருக்கிறது. ஃபேஷன் படங்களுக்கும் பெயர்பெற்ற பிலிப்-லோர்கா டிகோர்சியா, நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக விளக்கு கட்டி, நடந்துபோனவர்களின் முகங்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்தார். 2001-இல் காலரியில் வைத்தார். எடிஷன் பத்து; ஒன்று 20,000 டாலருக்கும் மேல். தன் முகத்தைப் பார்த்த முதியவர் ஒருவர், இது தன் மதநம்பிக்கைக்கே விரோதம் என்று வழக்குப் போட்டார். 2006-இல் நீதிமன்றம் இது கலை, வியாபார விளம்பரம் இல்லை என்று தள்ளுபடி செய்தது. விலைக்கு விற்றாலும் கலை கலையே என்பது தீர்ப்பின் சாரம். அந்தப் பெரியவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு இனிக்காது.

சுவரில் உள்ள சிறு அட்டை

அடுத்தமுறை இப்படி ஒரு கண்காட்சிக்குப் போனால் படத்தைப் பார்த்த கையோடு பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையையும் படியுங்கள். யானைப் படத்தின் முழுத் தலைப்பு இது: 'டோவிமாவும் யானைகளும், டியோரின் மாலை உடை, சிர்க் திவேர், பாரீஸ், ஆகஸ்ட் 1955'. மாடலுக்குப் பெயர் இருக்கிறது. உடை நிறுவனத்துக்கு இருக்கிறது. கட்டடத்துக்குக்கூட இருக்கிறது. உடையை வரைந்த 19 வயதுப் பையனுக்கு இல்லை. பத்திரிகைப் பக்கத்தை வடிவமைத்த கலை இயக்குநர் அலெக்ஸி பிரோடோவிச்சும் சுவருக்கு வரவில்லை. பத்திரிகை என்பது கூட்டு வேலை. காலரிக்கு ஒரு தனிக் கலைஞர் வேண்டும். அதற்காகப் பல பெயர்கள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

அட்டையில் இரண்டு தேதி இருந்தால், முதலாவது எடுத்த தேதி, இரண்டாவது பிரிண்ட் போட்ட தேதி. ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது என்றால் விண்டேஜ் என்று முடிவுகட்டிவிட வேண்டாம், கேளுங்கள். 'ஜெலட்டின் சில்வர்', 'பிளாட்டினம்-பல்லேடியம்', 'பிக்மென்ட்' என்று இருந்தால் அது முறையின் பெயர். கடைசியாகச் சொன்னது, காகிதத்தில் நல்ல மையால் இன்க்ஜெட் முறையில் அச்சிட்டது. பெயர் கம்பீரமாக இருப்பதால் யாரும் பிரிண்டர் என்று சொல்வதில்லை.

வாங்கியது யார்

5 கோடி கொடுத்து யானைப் படத்தை வாங்கியது தனிச் சேகரிப்பாளர் இல்லை. டியோர் நிறுவனமே வாங்கியது.

1955-இல் தன் உடையைக் காட்டப் பத்திரிகை எடுத்த படத்தை, 55 வருடம் கழித்து அதே நிறுவனம் கலைப்பொருளாக வாங்குகிறது. நடுவில் படம் பத்திரிகையிலிருந்து மியூசியத்துக்குப் போய் மரியாதை சம்பாதித்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. ஃபேஷன் நிறுவனங்கள் இத்தகைய கண்காட்சிகளுக்குப் பணம் தருவதையும் பழைய பிரிண்டுகளைத் தேடித் தேடி வாங்குவதையும் பார்க்கும்போது, எது கலை வரலாறு, எது நிறுவன வரலாறு என்று பிரிப்பது கடினமாகிறது. மியூசியம் தேர்ந்தெடுத்ததால் மதிப்பா, பணம் வந்ததால் தேர்வா என்ற கேள்வியை ஒவ்வொரு கண்காட்சியிலும் தனியாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் டியோரும் மற்ற எந்த வாங்குபவரைப் போலத்தான். 8,41,000 யூரோவுக்கு வந்தது மேலே சொன்ன மூன்றில் முதல் உரிமை மட்டும். உடை அவர்களுடையது, பிரிண்டும் இப்போது அவர்களுடையது. அந்தப் படத்தை நாளைக்கு ஒரு வாசனைத் திரவியப் பெட்டியில் அச்சடிக்க வேண்டுமென்றால், பிரிண்டை விற்ற அதே அறக்கட்டளையிடம் போய்த்தான் அனுமதி கேட்க வேண்டும்.